அப்பாவின் குரோமியம், என் சர்க்கரை

நானேதான் போட்டுக்கொள்ளப்போகிறேன். வேறு யார் போடுவார்கள்?

நேற்று மாலை சென்ட்ரலில் ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் நீ ஜன்னல் கம்பி வழியாக அதைக் கேட்டாய். "அம்மா, நாளைக்குக் காலைல யாரும்மா ஊசி போடுவா?" நான் வாய் திறப்பதற்குள் உன் பெட்டி கடந்துவிட்டது. பின்னால் வந்த பெட்டிகளின் ஜன்னல்களில் யார் யாரோ. எல்லோருக்கும் கையாட்டினேன். பதில் என்னிடமே தங்கிவிட்டது. நீ ஒரிசா போய்ச் சேர்ந்து, அந்த எஃகு ஆலையில் உனக்கு ஒரு மேசையும் ஒரு கட்டிலும் கிடைத்து, முகவரி எழுதி அனுப்பி, அதன் பிறகுதான் இந்தக் கடிதம் உன்னிடம் வரும். அதற்குள் எத்தனையோ காலைகள் போயிருக்கும். இருந்தாலும் முதல் காலையைப் பற்றி உனக்கு எழுதிவிட வேண்டும். அது இன்னும் முடியவில்லை.

மேசைமேல் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று இன்சுலின் குப்பி. குளிர் போகட்டும் என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தேன். நீ அப்படித்தான் செய்வாய். எடுத்து வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போவாய். குளிர் எப்போதோ போய்விட்டது, நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பசிக்கிறது. ஊசிக்கு முன் சாப்பிடக் கூடாது. இட்லி கொப்பரைக்குள் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, அவசரம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

இன்னொன்று அப்பாவோடு ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் செல்வம் மாமா கொண்டுவந்த பாட்டில். நேற்று நாங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆவடிக்குத் திரும்பியபோது அவர் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். "இன்னா அண்ணி, புள்ளைய ஏத்திவுட்டு வந்துட்டீங்களா? ஊடே வெறிச்சுனு கீது" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு பையிலிருந்து அதை எடுத்தார். "இது அந்தப் பழைய கேப்ஸ்யூல் இல்ல. சொட்டு மருந்து. மண்ணுல இன்னா இன்னா மினரல் கீதோ அத்தினியும் இதுல கீதாம். தண்ணில கலந்து குடிச்சுகினே இருங்க, போதும். தம்பியும் இல்ல, இனிமே ஊசி யாரு போட்றது, சொல்லு அண்ணாத்தே?" அப்பா "வச்சிட்டுப் போ, செல்வம்" என்று மட்டும் சொன்னார். பாட்டிலை யாரும் நகர்த்தவில்லை. அதில் ஒரு பச்சை மலை வரைந்திருக்கிறது. அழகான மலை.

நீ கேட்ட கேள்வியையே அவரும் கேட்டார், பார். இரண்டு பேரும் அன்பாகத்தான் கேட்டீர்கள்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அந்தக் காலத்தில் வீட்டில் ரத்தத்தைச் சோதிக்கும் கருவி எல்லாம் யாரிடமும் கிடையாது. டாக்டர் ஒரு பாட்டில் பெனடிக்ட் கரைசலும் ஒரு சோதனைக் குழாயும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். நீல நிறக் கரைசல். அதில் சிறுநீர் சில சொட்டுகள் விட்டு, குழாயை இடுக்கியில் பிடித்து, கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்க் கடைசியில் செங்கல் நிறம். செங்கல் என்றால் நிறைய. எனக்கு அது அவமானமாக இருந்தது. சமையலறையில், சாம்பார் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில். ஆனால் உன் அப்பாவுக்கு அது திருவிழா. ஃபவுண்டரியில் உலையைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன் அல்லவா? வாழ்க்கை முழுவதும் சூட்டையும் நிறத்தையும் பார்த்த கண். "உருக்கைச் சூடாக்குனா மொதல்ல வைக்கோல் மஞ்சள், பெறவு ஊதா, பெறவு நீலம். உங்க அம்மைக்கு எல்லாம் தலைகீழால்லா இருக்கு!" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "நீலம்! இன்னைக்கும் நீலம்!" என்று அவர் கத்தும் சத்தம் கீழ் வீடு வரை கேட்கும். கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் தினமும் எதற்கு நீலம் நீலம் என்று கத்துகிறார், ஜெபம் ஏதாவதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மாத்திரையும் நடையும் நீலத்தைக் காப்பாற்றின. சில வருஷங்கள். பாட்டில் பரணுக்குப் போனது. பயம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

பிறகு நீ மெட்டலர்ஜி டிப்ளமா படிக்க வெளியூர் விடுதிக்குப் போனாய். அந்த வருஷம்தான் செல்வம் மாமா வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தார். ஷிப்ட் முடிந்ததும் அம்பத்தூரில் ஏதோ கூடத்தில் கூட்டம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவர் மேலே போவார், அவர் பத்துப் பேரைச் சேர்ப்பார். அந்தக் கணக்கு எனக்கு இன்றும் புரியாது. ஆனால் அவர் விற்றதை அவரே நம்பினார். அவர் மனைவிக்கும் சர்க்கரை. முதல் கேப்ஸ்யூல் டப்பாவை அவளுக்குத்தான் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிறு சாயங்காலம் நம் வீட்டில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்து, உடம்பில் என்னென்ன குறைந்தால் சர்க்கரை வரும் என்று படித்தார். துத்தநாகம். மெக்னீசியம். பிறகு குரோமியம் என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். "குரோமா? குரோம் சேத்திருக்கானா?" அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. உருக்கில் நூற்றுக்கு ஒரு பங்கு குரோம் போட்டால் என்ன ஆகும் என்று அவர் கையால் பார்த்தவர். "அந்த ஒண்ணு இல்லன்னா தகடு வெறும் தகரம்ட்டி. ஒண்ணே ஒண்ணு. சிட்டிகை. இரும்பையே மாத்துதுன்னா மனுசன மாத்தாதா?" சர்க்கரை வந்தது முதல் நான் அவருக்குப் புரியாத ஓர் உடம்பாக இருந்தேன். கணையம், ஹார்மோன், எதுவும் அவர் பட்டறையில் கிடையாது. இப்போது திடீரென்று என் நோய் அவருக்குத் தெரிந்த ஒரு பொருளாகிவிட்டது. அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. அதை நான் மறுக்க விரும்பவில்லை.

எனக்கும் அது பிடித்திருந்தது. நான் வரலாற்றில் எம்.ஏ. படித்தவள், வகுப்பில் பிள்ளைகளிடம் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்பவள். ஆனால் மாத்திரை என்பது நோயாளிக்கு. கனிமம் என்பது எல்லோருக்கும். காலையில் அந்தக் கேப்ஸ்யூலை விழுங்கும்போது நான் நோயாளியாக இல்லை. சத்துக் குறைந்த ஒரு பெண், அவ்வளவுதான். "இங்கிலீஷ் மருந்த கொஞ்சம் கொஞ்சமா வுட்றணும் அண்ணி" என்றார் செல்வம் மாமா. விட்டேன். நடுவில் ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "டெம்பர் ஏறுறதுக்கு நேரம் எடுக்கும். நடுவுல உலைக் கதவத் தொறக்கப்படாது." உலைக்கு அது சரி. அவர் சொன்னது எல்லாமே உலைக்குச் சரி.

கதவைத் திறக்கவில்லை. இளைத்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் பாராட்டினார்கள். "டீச்சர், சூப்பரா ஸ்லிம் ஆயிட்டீங்க, இன்னா சாப்பிட்றீங்க?" ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். இரண்டு டீச்சர்கள் செல்வம் மாமாவின் விலாசம் வாங்கிக்கொண்டார்கள். தாகம் எடுத்தது. ஆவடி வெயிலுக்கு யாருக்குத்தான் தாகம் எடுக்காது? கரும்பலகையில் நானே எழுதிய எழுத்து கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் கலங்கியது. சாக்பீஸ் சரியில்லை என்றேன். உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. படித்தவளுக்கு விளக்கம் கிடைப்பதா கஷ்டம்?

நீ ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தாய். சனிக்கிழமை மாலை. உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்தாய். நான் சொம்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றபடியே குடித்து முடித்ததைப் பார்த்தாய். கொடியில் காய்ந்த ஜாக்கெட்டின் பக்கவாட்டுத் தையலைத் தொட்டுப் பார்த்தாய். "எப்பம்மா பிடிச்சுத் தச்ச?" என்று மட்டும் கேட்டாய். காலையில் நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது நீ பரணில் ஏறியிருந்தாய். பாட்டிலில் அடியில் கொஞ்சம் கரைசல் மிச்சம் இருந்தது. குழாயைக் கழுவி என் கையில் கொடுத்தாய். "ஒரே ஒரு தடவைம்மா. எனக்காக." நான் மறுத்திருக்கலாம். நீ கெஞ்சவில்லை, அதனால்தான் மறுக்க முடியவில்லை.

கொதிக்க ஆரம்பித்த உடனே மாறியது. பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. செங்கல். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் லாரியில் அடுக்கிப் போகுமே, அந்தச் செங்கல்.

அதன் பிறகு நீ செய்ததைத்தான் நான் இத்தனை வருஷமாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ கத்தவில்லை. குழாயை ஒரு டம்ளரில் நிறுத்தி, அப்பா பேப்பர் படிக்கும் மேசையில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாய். அவர் பேப்பரைத் தாழ்த்தினார். நிறத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டாம்.

"கரைசல் பழசுல" என்றார்.

"இருக்கலாம்ப்பா" என்றாய். "உங்க ஷாப்புக்கு ஃபெரோகுரோம் லோடு வருதுல்ல? கூடவே சப்ளையர் சர்டிபிகேட்டும் வரும்ல?"

"வரும்."

"அத நம்பி அப்படியே உலைல போட்ருவீங்களா?"

"என்னல கேக்க! விக்கிறவன் சர்டிபிகேட்டு விக்கிறவனுக்கு. நாம நம்ம சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட்டு வந்த பெறவுதான..." அப்பா நிறுத்திக்கொண்டார்.

நீ அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. வென்றுவிட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அடுத்ததை இன்னும் தணிந்த குரலில் கேட்டாய். "கார்பன் தூக்கலா இருக்குற உருக்கு. அதுல குரோம் போட்டா கார்பன் இறங்குமாப்பா?"

வெளியே கோயில் மணி அடித்து ஓய்ந்தது. "இறங்காது" என்றார். "மொதல்ல ஆக்சிஜன் ஊதி கார்பன இறக்கணும். பெறவுதான் மத்ததெல்லாம்." பிறகு என்னைப் பார்த்தார், உன்னை அல்ல. "அந்தப் பழைய மாத்திரை எங்கட்டி வச்சிருக்க?"

அன்று நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. அவரே அலமாரியைக் குடைந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

நீ படித்த படிப்பைக் கொண்டு அவரை அடித்திருக்கலாம். உன் வயதுப் பையன்கள் அப்படித்தான் செய்வார்கள், நானும் என் அப்பாவை அப்படிச் செய்திருக்கிறேன். இதெல்லாம் மூட நம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் அந்தக் கேப்ஸ்யூலைச் சாகும்வரை விட்டிருக்க மாட்டார். நீ அவருடைய பட்டறைக்குள் போய், அவருடைய உலைக்கு முன்னால் நின்று, அவருக்குத் தெரிந்ததையே அவரிடம் கேட்டாய். அவர் அறிவை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. அது சரியான இடத்தில் நிற்கும்படி கொஞ்சம் திருப்பி வைத்தாய். எனக்கு அன்று பயமும் வெட்கமும் இருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு மேலே வந்தது வேறு. இவன் என் பிள்ளை என்ற நினைப்பு. செங்கல் நிறக் குழாய்க்கு எதிரில் உட்கார்ந்து பெருமைப்பட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பூந்தமல்லியில் டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் அளவு எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை, உனக்கே தெரியும். கேப்ஸ்யூல் டப்பாவை நீ அவர் முன்னால் வைத்தாய். அவர் திருப்பித் திருப்பிப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உடம்புல நிஜமாவே ஏதாவது குறைஞ்சிருந்தா அத ஈடுகட்டலாம். குறையாதவங்களுக்கு இதால சர்க்கரை இறங்கும்னு நான் சொல்ல மாட்டேன். எதுன்னாலும் என்கிட்டக் காட்டிட்டு சாப்பிடுங்க. நீங்க இதச் சாப்பிட்டது இல்லம்மா பிரச்சினை, மாத்திரைய நிறுத்தினதுதான்" என்றார். பிறகு கீரை சாப்பிடுகிறீர்களா, கேழ்வரகு, கொண்டைக்கடலை, நடக்கிறீர்களா என்று கேட்டார். மலையும் மண்ணும் அந்தக் கீரையில்தான் இருந்தன போலிருக்கிறது. பச்சை மலைப் படம் மட்டும் இல்லை.

செல்வம் மாமாவை நீ நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். அவர் வந்தபோது அப்பா உள்ளறைக்குப் போய்விட்டார், முகம் கொடுக்க முடியாமல். நீ காப்பி கொண்டுவந்து வைத்தாய். "மாமா, அத்தைக்குக் கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?" "இன்னாத்துக்குடா டெஸ்ட்டு, அதான் கேப்ஸ்யூல் சாப்பிட்டுகினு கீறாளே." "சும்மா மாமா. எங்க அம்மாவுக்கு எடுக்கப் போறோம், கூட அத்தையும் வரட்டுமே. ரெண்டு பேருக்கும் பேச்சுத் துணை." அந்த அம்மாவின் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கே தெரியாது, செருப்பு கடித்தது என்று நினைத்திருந்தாள். புண் ஆறியது. கால் தப்பியது. செல்வம் மாமா வெள்ளைச் சட்டையை உள்ளே வைத்துவிட்டார். முழுவதும் அல்ல. மனிதருக்கு நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருக்கிறது, நேற்று மறுபடி ஒன்று கிடைத்திருக்கிறது. அவரைப் பற்றி நீ கோபப்படாதே. அவர் மனைவிக்கு மாத்திரையும் தருகிறார், சொட்டு மருந்தும் தருகிறார். மாத்திரையை நிறுத்தாதவரை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீயும் சொல்ல மாட்டாய்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். போன வருஷம் மாத்திரை மட்டும் போதாது, இன்சுலின் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் தோற்றுவிட்டதாக நினைத்தேன். கடைசிப் படி, அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை என்று நம் குவார்ட்டர்ஸில் எல்லோரும் பேசுவதை நானும் நம்பியிருந்தேன். அப்பா தைரியமாக, நான் போடுகிறேன் என்று முன்வந்தார். கொதிக்கும் உருக்கைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர், மயிர் அளவு ஊசியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நீ தண்ணீர் தெளித்தாய், எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் பயம் பாதி போயிற்று. நீ சாத்துக்குடியில் குத்திப் பழகினாய். பிறகு மருந்தில்லாத ஊசியை உன் தொடையிலேயே குத்திக் காட்டினாய். "எறும்பு கூட இத விட நல்லா கடிக்கும்மா." அன்றிலிருந்து நேற்றுக் காலை வரை நீதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, காலை பஸ்ஸுக்கு முன் ஊசி. ஒரு நாளும் என்னைக் காத்திருக்க வைத்ததில்லை.

எத்தனை தடவை எனக்குச் சொல்லித்தர வந்தாய். கையில் ஊசியைக் கொடுப்பாய், நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நாளைக்கு என்பேன். பயம் என்று நீ நினைத்தாய். பயமும்தான். ஆனால் காலையில் ஐந்து நிமிஷம் நீ என் பக்கத்தில் குனிந்து உட்காருவாய், வேறெந்த நேரத்திலும் நீ அவ்வளவு பக்கத்தில் இல்லை. வளர்ந்த பிள்ளை அம்மாவைத் தொடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் காரணத்தை விட மனமில்லை. ஒரிசாவிலிருந்து வேலைக் கடிதம் வந்த அன்று நீ அதை மடித்து வைத்துவிட்டு "பாக்கலாம்மா, இப்ப என்ன அவசரம்" என்று சொன்னபோதுதான் என் சோம்பலுக்கு நீ என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறாய் என்று உறைத்தது. போ என்றேன். யார் ஊசி போடுவது என்ற கேள்வியை நாம் இருவரும் பேசவில்லை. நீ அதை ரயில் நகரும்வரை வைத்திருந்தாய்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. உன் ரத்தத்தில் நானும் இருக்கிறேன், ஆகவே சில. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் சோதித்துக்கொள். இளைத்தாய் என்று யாராவது பாராட்டினால் உடனே சோதித்துக்கொள். மெஸ் சாப்பாடு முழுக்கச் சோறாக இருக்கும், காய் கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. ஆலை வளாகம் பெரியது என்கிறார்கள், நட. உனக்குப் பெண் பார்க்கும் நாளில் அம்மாவுக்குச் சர்க்கரை என்று முதல் பேச்சிலேயே நான் சொல்லிவிடுவேன். கல்யாணம் முடியட்டும் என்று மறைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அதைக் கேட்டுப் பின்வாங்கும் வீடு நமக்கு வேண்டாம். அங்கே உனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் தவறு செய்வார்கள். நீயும் செய்வாய். அப்பாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் குரலில் கேட்டாயோ அதே குரலில் கேள். சாம்பிள் எடு, விடாதே. ஆனால் குழாயை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வை. அவர்களே பார்க்கட்டும்.

சங்கு ஊதிவிட்டது. அப்பா சட்டை மாட்டி, சாப்பாட்டுப் பையோடு வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் நிற்கிறார். கேட் மூடிவிடுவார்கள். போக மாட்டேன் என்கிறார்.

"என்ன, கதை எழுதுதியா? ஊசி போட்டாச்சா?"

"இல்லை."

அவர் மேசைக்கு வந்து, செல்வம் மாமாவின் பாட்டிலை எடுத்து, மலைப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டார். "குடுத்துருதேன். வருத்தப்படுவான். என்ன சொல்ல?"

"சாம்பிள் ரிஜெக்ட் ஆயிட்டுன்னு சொல்லுங்க."

சிரித்தார். நேற்று ரயில் போனதிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு, "பக்கத்துல நிக்கட்டா?" என்றார். வேண்டாம், உங்களைத் தூக்க இங்கே ஆள் இல்லை என்றேன். ஆனாலும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, படியைப் பார்த்து நிற்கிறார். பேனாவை இங்கே வைக்கிறேன்.

குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினேன். மூடியைப் பஞ்சால் துடைத்தேன். மருந்தை உறிஞ்சி, குமிழ் இல்லை என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன். இடது தொடையில் போட்டுக்கொண்டேன். அப்பாவிடம் "போட்டாச்சு" என்றேன், அவர் திரும்பிப் பார்க்காமலே படியிறங்கினார். அரை மணி கழித்து இட்லியைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.